பொத்தான் இல்லாத சட்டை

ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், காலை பத்தேகால் மணி. பழுதுபார்த்த வானொலிப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு காந்தக்காரர் கதவைத் தட்டியபோது, தையற்காரம்மா அறை நடுவே அசையாமல் நின்றிருந்தார். காலடியைச் சுற்றிலும் குண்டூசிகள். பக்கவாதத்தில் இடக்கை செயலிழந்த அந்த அம்மாள், ஊசி டப்பாவை ஒற்றைக் கையால் திறக்கப்போய்க் கொட்டிவிட்டிருந்தார்.

“உள்ள வராதீங்க தம்பி, கால்ல ஏறிடும்.”

“அப்படியே நில்லுங்கக்கா.”

தெருமுனையில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் அவரைக் காந்தக்காரர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். குப்பையில் கிடக்கும் எதையும் பிரித்துப் பார்க்காமல் நகராத மனிதர். சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் காந்த வளையத்தை எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, தரைக்குச் சற்று மேலே நகர்த்தினார். ஊசிகள் தலைதூக்கின, நெளிந்தன, துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டன. ஊசியோடே காலந்தள்ளிய தையற்காரம்மா, ஊசிக்கு உயிர் வந்ததை அன்றுதான் கண்டார்.

“துணி குறுக்க இருந்தும் இழுக்குதே.”

“துணியெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்லக்கா. உங்க ஃபிரிட்ஜ் கதவை இழுத்துப் பிடிக்கிறதும் இதே ஜாதிதான். அந்த ரப்பருக்குள்ள பட்டையா ஒளிஞ்சிருக்கு.”

அவர் போனபின் தையற்காரம்மா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, மெல்லத் தள்ளி, கடைசி விரற்கடையில் கையை எடுத்தார். கதவு தானாகவே போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி திறந்தார்.

ஊருக்கெல்லாம் உடை தைத்தவருக்குத் தம் சட்டையைப் பூட்ட முடியவில்லை. தினமும் மருமகள் வந்து பொத்தான் போட்டுவிட வேண்டும். அவள் தூங்கிவிட்டால் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மறுநாளே காந்தக்காரர் வீட்டுப் படியேறினார்.

அடுப்படிச் சுவரில் கத்திகள் ஆணியின்றி நின்றன. கதவு நிலையில் சாவி. குளியலறையில் சோப்புக்கட்டி அந்தரத்தில் தொங்கியது. அதில் அழுத்திப் பதித்த பாட்டில் மூடியை மேலிருந்த காந்தம் பிடித்திருந்தது. வீடெங்கும் கண்ணுக்குத் தெரியாத கைகள். தையற்காரம்மாவின் கை தம் சட்டைப் பொத்தானுக்குப் போனது.

“தம்பி, பொத்தானுக்குப் பதிலா இதை வெச்சுத் தைக்கலாமா?”

காந்தக்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “இத்தனை வருஷமா இதோட கிடக்கிறேன். எனக்கு இது தோணவே இல்லையேக்கா.”

பழைய ஹெட்போன்களிலிருந்து கழற்றிய சிறு காந்த வில்லைகளைத் தந்தார். இரும்புத் தட்டில் துணியை விரித்து, அது நகராமலிருக்க இரண்டு காந்தங்களை இடக்கைக்குப் பதிலாக அமர்த்தி, தையற்காரம்மா வில்லைகளை உள்மடிப்பில் வைத்துத் தைத்தார். போட்டுப் பார்த்தால் சட்டையின் இரு ஓரங்களும் வெறுத்து விலகின.

மருமகள் சிரித்தாள். “என்ன அத்தை, நம்ம ரெண்டு பேரையும் போலவே முகத்தைத் திருப்பிக்குது?”

“வாயாடி. போய் அவரைக் கூப்பிடு.”

காந்தக்காரர் வந்து தலையைச் சொறிந்தார். “எந்தப் பக்கம் எதைப் பார்க்கணும்னு சொல்லாம விட்டுட்டேன்க்கா. ஒரு வரிசையைப் பிரிச்சுத் திருப்பி வைங்க.”

மறுநாள் காலை மருமகள் அவசரமாக ஓடிவந்தபோது, தையற்காரம்மா முழு உடையோடு நாற்காலியில் அமர்ந்திருந்தார். மருமகள் குனிந்து சட்டை ஓரத்தைப் பிரித்தாள், விட்டாள், அது டக்கென்று கூடியது.

“அப்போ இனிமே நான் காபியை உட்கார்ந்தே குடிக்கலாம்” என்றாள் மருமகள்.

அன்று மாலை தையற்காரம்மா காந்தக்காரரிடம் போனார். “உங்களுக்கு என் கையால ஒரு சட்டை தைக்கணும். ஒரு நாள் வந்து அளவு கொடுத்துட்டுப் போங்க.”

“வரேன்க்கா, எங்க ஓடிடப்போறேன்.”

பிறகு காந்தக்காரர் அடிக்கடி வந்தார். விரல் நடுங்கும் ஓய்வுபெற்ற ஓட்டுநருக்கு ஒன்று, மணிக்கட்டு முறிந்த வாத்தியாரம்மாவுக்கு ஒன்று என்று வில்லைகளையும் பிறருடைய அளவுகளையும் கொண்டுவந்து கொடுத்து, கூலி தந்து சட்டைகளை வாங்கிப் போனார். கேட்டால், “முதல்ல இவங்களுக்கு முடிங்கக்கா” என்பார். தம் அளவை மட்டும் அவர் கடைசிவரை கொடுக்கவே இல்லை.