ராசப்பனின் பிக் அப் நோட்டு

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுத எனக்கு வராது. ஆகவே சொல்லப்போவது இவை:

1. ராசப்பன் இறந்த செய்தி வந்தது.
2. அவர் என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்தது.
3. படிப்பைப் பாதியில் விட்டது.
4. அவர் வீட்டில் எனக்குக் கிடைத்தது.

திருச்செங்கோட்டில் மருந்துக்கடையில் நின்றிருந்தேன். ராசப்பனோடு கிணறு போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போன ஒருவர் வந்து, "வாத்தியாரே, நம்ம போர்மேன் போயிட்டாருங்க. தூக்கத்துலயே," என்றார். வாங்கிய மாத்திரைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பத்தைந்து வயதில் என்னிடம் படிக்க வந்தது பலருக்குத் தெரியாது. அவருடைய முதலாளி ஒரு ரிக்கை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பவிருந்தார். அதைப் பார்க்க வந்த அமெரிக்க என்ஜினியர், தன் பேச்சு புரிகிற போர்மேனைத்தான் கூட்டிப்போவேன் என்று சொல்லிவிட்டார். புரியாவிட்டால் ராசப்பனின் வண்டி வேறொருவர் கைக்குப் போகும்.

"அவரு வாயத் தொறந்தா பிக் அப்புங்கறாருங்க. வண்டி ஏத்தத்துல இழுக்கற பிக்கப்புதானுங்க நமக்குத் தெரிஞ்சது," என்றார் ராசப்பன்.

பிக் அப் என்பதற்கு ஐந்து பொருள்கள் எழுதிக்கொடுத்தேன்: கீழே கிடப்பதை எடுப்பது, ஆளை வண்டியில் ஏற்றிக்கொள்வது, போனை எடுப்பது, கேட்டுக் கேட்டே கற்றுக்கொள்வது, மந்தமான தொழில் தேறுவது. மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

அவர் செய்யவில்லை. கிணறு போடும்போது, எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய, ஒவ்வொரு குழாய் இறங்கியதும் மேலே வரும் மண்ணில் ஒரு கைப்பிடியை எடுத்து வரிசையாகக் குவிப்பார்கள். நோட்டிலும் அப்படியே எழுதினார். யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், சொன்னதும் என்ன நடந்தது. பொருள் கடைசியில்தான்.

"மேல நின்னுக்கிட்டே அடியில கருங்கல்லுன்னு சொல்லிப்போடக் கூடாதுங்க," என்பார்.

எட்டாம் நாள் இப்படி எழுதியிருந்தார்: 'சாயங்காலம். என்ஜினியர் பிக் அப் என்றார். கிடந்த ஸ்பேனரை எடுத்தேன். போதாது என்று பட்டறை முழுக்கக் கையைக் காட்டினார். எல்லாம் ஒதுக்கிக் கூட்டினோம். தலையாட்டினார். பொருள்: இடத்தைச் சுத்தம் செய்வது.'

யாரிடமும் குரல் உயர்த்தாதவன் நான். சிவப்பு மையில் மட்டும் தைரியம் வரும். அதைக் குறுக்கே அடித்து, "பட்டறையை எப்படிங்க தூக்க முடியும்?" என்று கேட்டேன்.

அவர் "செரிங்க. வாரேனுங்க," என்று நோட்டை மடித்தார். பிறகு வரவில்லை. அந்த ரிக்கோடு அவர்தான் போனார் என்று கேள்விப்பட்டேன். லீவில் வந்தபோதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "சொகமுங்களா?" என்று மட்டும் கேட்பார். புண்படுத்திவிட்டோமோ என்று நினைப்பேன். கேட்கமாட்டேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி பாவாயி அந்த நோட்டைக் கொண்டுவந்தார்.

"உங்ககிட்டக் காட்டோணும்னு வருசக்கணக்காச் சொல்லிக்கிட்டிருந்தாருங்க. போயிட்டு வாங்களேன்னா, 'வாத்தியாரு சங்கடப்படுவாரு, இன்னும் ரெண்டு பேரு சொல்லட்டும்'பாருங்க."

என் சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ஆப்பிரிக்க முகாமில் கேட்டவை: ஏழு பேர் ஏழு இடங்களைக் காட்டி 'பிக் அப்' என்றது; ஏழும் சுத்தம் செய்யச் சொன்னதுதான். நான் எழுதித் தராத வேறு பொருள்களும் இருந்தன: நின்ற வேலையைத் தொடர்வது, ரேடியோ சிக்னல் கிடைப்பது. கடைசிப் பதிவு போன மாதம். பல பதிவுகளின் ஓரத்தில் 'வாத்தியாரைக் கேட்கவும்' என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து பெரிய அகராதியைப் பார்த்தேன். இடத்தைச் சுத்தம் செய்வது என்ற பொருளும் இருக்கிறது. அமெரிக்க வழக்கு என்று போட்டிருக்கிறது.

நோட்டைப் பாவாயி என்னிடமே கொடுத்துவிட்டார். அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான்.

மேலே பட்டியலில் மூன்றாவதாக, படிப்பைப் பாதியில் விட்டது என்று எழுதியது தவறு. அவர் விட்டது என் வீட்டுக்கு வருவதை மட்டும்தான். அந்த வரியை அடிக்கவில்லை. அவர் செய்தபடி, கீழே இதை எழுதிவைக்கிறேன்.