சாத்தே குச்சிகளில் இணைகோடுகள்

ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவத்துக்குப் போவதற்குச் சற்று முன்பு, கடுமையான காய்ச்சலில் என் பார்வை போய்விட்டது. மலேசியாவின் கிள்ளானில் அதே பள்ளியில்தான் தொடர்ந்து படித்தேன்.

வடிவியல் பாடம் தொடங்கிய அன்று கணக்கு டீச்சர் என் தோளைத் தொட்டார். “இணைகோடு, செங்குத்துக்கோடெல்லாம் பார்த்துப் போடுறதும்மா. இந்த சாப்டர் உனக்கு வேணாம்,” என்றார். உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் பக்கத்து மேசைத் தோழி தர்ஷினி என் முன்னால் ஓர் அட்டையை வைத்தாள். அதில் இறைச்சி செருகிச் சுடும் சாத்தே குச்சிகளை ஒட்டியிருந்தாள். “தொட்டுப் பாரு லா.”

இரண்டு குச்சிகளின்மீது இரண்டு விரல்களை ஓட்டினேன். விரல்கள் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. நடுவில் மூன்றாவது குச்சி குறுக்கே தட்டுப்பட்டது. முதல் குச்சியை அது வெட்டும் மூலையைத் தடவினேன். புத்தகத்தின் மூலையைப் போலவே இருந்தது.

“இதுக்கு அது செங்குத்து. அப்போ அடுத்த குச்சிக்கு?” என்று கேட்டாள்.

நான் விரலை நகர்த்தவே இல்லை. “அதுக்கும் செங்குத்துதான். ரெண்டும் இணைகோடாச்சே!”

பின்னாலிருந்து டீச்சரின் குரல் கேட்டது. “சாரிம்மா. உனக்கு வேணாம்னு நானே முடிவு பண்ணிட்டேன். இந்த சாப்டர் டெஸ்ட்ல நீயும் உக்காரு.”

பார்வை போன பிறகு எல்லாரும் எனக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். தர்ஷினி ஒருத்திதான் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.