பட்டாசு ஒப்புக்கொள்ளாத வார்த்தை

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டாசு. வாயைத் திறந்தால் சரவெடிதான். நான் அங்கே சமையல்காரி. அடுப்படி ஜன்னல் வழியே அவள் வெடிப்பதைத் தினமும் ரசிப்பவள்.

பல தேசத்துப் பெற்றோர் வருகிற இடம். சாயங்காலம் பிள்ளையை ஒப்படைக்கும்போது, அது அன்று எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஹாப்பி, ஸ்லீப்பி, நாட்டி என்று பட்டாசு கூசாமல் அடித்துவிடுவாள். தெரியாத வார்த்தையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு வெட்கமே கிடையாது.

அம்மாவைப் பறிகொடுத்த மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. அம்மா செத்துப்போனதை அப்பா மறைக்காமல் அதனிடம் சொல்லியிருந்தார். அவர் பஸ் டிரைவர். வேலைக்குப் போயே ஆக வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளையோ வந்த நாளிலிருந்து ஓயாத அழுகை.

"இன்கன்சோலபிள்னு சொல்லி அனுப்பிட வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விட்டார் மேற்பார்வை மேடம். அந்த வார்த்தை விழுந்துவிட்டால் எங்கள் இடத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"அப்படின்னா என்ன மேடம்?" என்றாள் பட்டாசு.

"துக்கத்துல யார் தேத்தினாலும் தேறாதவங்க."

"யார் தேத்தினாலுமா? நான் இன்னும் முழுசா இறங்கவே இல்லையே!"

மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சாயங்காலம் வரைக்கும் பாரு."

இறங்கினாள். தூக்கினாள், ஆட்டினாள், குட்டிக்கரணம்கூடப் போட்டாள். ம்ஹூம். கடைசியில், "அழாதடா செல்லம், அம்மா இதோ வந்துடுவாங்க" என்றாள். பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடியது. கதவையே பார்த்து நின்றது. யாரும் வரவில்லை. முன்னைவிடப் பெரிதாக வீறிட்டது.

பட்டாசு தலையில் அடித்துக்கொண்டாள். அழுகிற எந்தப் பிள்ளையிடமும் நாங்கள் எல்லாரும் சொல்வது அதைத்தான். வாய்ப்பழக்கம். மற்ற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அம்மா வந்துவிடுவாள். இதனிடமும் ஆளாளுக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், பாவிகள்!

அவள் கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா வரமாட்டாங்கடா கண்ணு. நான் தப்பாச் சொல்லிட்டேன். அப்பா வருவாரு, சாயங்காலம் கண்டிப்பா வருவாரு. அதுவரைக்கும் நீ அழு. நான் இங்கேயே இருக்கேன்."

பிள்ளை வெகுநேரம் அழுதது. ஆனால் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து அழுதது. பிறகு தூங்கியது. எழுந்து, நான் கொடுத்த சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டது. எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை, சந்தோஷத்தில்.

சாயங்காலம் அப்பா சீருடையோடு வந்தார். முகமெல்லாம் பயம். "இன்னிக்கும் அப்படித்தானா? நாளைக்குக் கூட்டிட்டு வர வேண்டாமா?"

மேடம் பட்டாசைப் பார்த்தார்.

"ஹார்ட்புரோக்கன்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தி. "மனசு ஒடஞ்சு போயிருக்கா சார். ஆனா இன்கன்சோலபிள் இல்ல. தேத்த முடியுது, நேரம்தான் ஆகும். தாராளமா கூட்டிட்டு வாங்க."

அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டார். நாலடி நடந்தவர், குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்து, பிள்ளையின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். மேடம் பதறிப்போய், "ஐயோ, அழாதீங்க" என்று எழுந்தார்.

பட்டாசு மேடத்தின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அழட்டும் மேடம். அவரை யாரும் இன்னும் அழ விடல."