சிறகு முளைத்த எருமையும் என் மகளும்

என் மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எருமைக்குச் சிறகு வரைந்தாள். நண்டுக்கு எங்கள் ஊர்ப் போலீசின் சிவப்புத் தொப்பி. குடை பிடித்துக் கடைத்தெருவுக்குப் போகும் சுறா. வாட்டர் கலர் டப்பா நர்சு ஒருத்தி வாங்கித் தந்தது. ஊசி போட வந்தால் ஒரு கையை நீட்டிவிட்டு மற்றக் கையால் வரைந்துகொண்டிருப்பாள். அழமாட்டாள். "தங்கமான பொண்ணு" என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஊசிக்கு அழாமல் இருப்பது நல்லதற்கா?

பிறகு வரைவதையும் நிறுத்திவிட்டாள். சோற்றை ஊட்டினால் விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பாள். எது கேட்டாலும் தலையசைப்புதான், பேச்சில்லை. உடம்பில் கொஞ்சம் தெம்பு ஏறினால்தான் அடுத்த மருந்து ஏற்ற முடியும், கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். ஏறாவிட்டால் என்று கேட்டேன். அவர் டிஸ்சார்ஜ் சீட்டை எழுதத் தொடங்கினார்.

நான் வேண்டாத தெய்வமில்லை. மாதா கோயிலிலும் மெழுகுவத்தி ஏற்றினேன். அதற்குமேல் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அவள் வரைந்த அத்தனையையும் வீட்டு அறையில் ஒட்டிவைப்பது. கண் விழித்ததும் அவளுடைய எருமையும் நண்டும் தெரிந்தால் ஒருவேளை சிரிப்பாள், ஒரு வாய் விழுங்குவாள். பைத்தியக்காரத்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். என் கையில் வேறெதுவும் இல்லை.

குருசுக்குப்பத்தில் கடலை ஒட்டின வீடு எங்களுடையது. சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிரும். டேப் ஒட்டினால் விடிவதற்குள் கீழே கிடக்கும். அதனால் வேலையை என் தம்பியிடம் விட்டேன். போஸ்டர் ஒட்டுவதுதான் அவன் தொழில். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று தட்டாஞ்சாவடி வரைக்கும் அவன் கைபடாத சுவர் கிடையாது. "நீ போய்ப் புள்ளையக் கூட்டிக்கினு வாக்கா. வர்றதுக்குள்ள முடிச்சிட்றேன்" என்றான்.

ஆட்டோவில் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு வந்தேன். "வீட்ல உனக்கு ஒண்ணு இருக்குது பாரேன்" என்று வழியெல்லாம் ஆசை காட்டினேன். இறங்கி உள்ளே போனால், அறை வாசலில் தம்பி பசை வாளியோடு நிற்கிறான். முகத்தில் ஈயாடவில்லை.

போஸ்டர் ஒட்டுகிறவர்கள் சுவரில் பசை தடவி, தாளை விரித்து, அதன் மேலேயும் ஒருமுறை பசையை இழுத்துவிடுவார்கள். அச்சடித்த தாள் அதைத் தாங்கும். வாட்டர் கலர் எங்கே தாங்கும்? படங்களை வரிசையாக ஒட்டி முடித்தவன், பழக்கத்தில் அகலப் பிரஷால் சுவர் முழுக்க இழுத்திருக்கிறான். எருமையின் சிறகு நீலமாகத் தரைவரை வழிந்திருந்தது. தொப்பியின் சிவப்பு சுறாவின் முகத்தில் இறங்கியிருந்தது.

"மேல பூசினாத்தான்க்கா நிக்கும். கை தானாப் போயிடிச்சி" என்றான்.

இருந்த ஒரே வழியையும் இந்தப் பாவி பசை போட்டு மூடிவிட்டானே என்று கத்த வாயெடுத்தேன்.

அதற்குள் மகள் கத்தினாள். "என் எருமைய என்னா மாமா பண்ண?" மாதக்கணக்கில் நான் கேட்காத குரல். என் பிடியை உதறிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய் அவன் வயிற்றில் குத்தினாள். "உன்ன யாரு தொடச் சொன்னா? போ, வெளிய போ!" மூக்கு ஒழுக, தொண்டை கிழிய அழுதாள். எத்தனையோ ஊசிக்கு அழாமல் விட்ட அழுகையெல்லாம் வந்தது. தம்பி கையைக் கட்டிக்கொண்டு அடியை வாங்கிக்கொண்டான். அவன் கண்ணும் நிறைந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, "புள்ளைக்கு ஒடம்புக்கு ஆவாது, தூக்குடி" என்று பதறினாள். நான் தூக்கவில்லை. மகளுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

"மாமா வயித்துல இன்னும் ரெண்டு போடுடி" என்றேன்.