எல்லோரும் ‘மிக நன்று’ என்று எழுதிய விழா

எங்கள் ஃபலோம்பே ஊரில், அறுவடை முடிந்து ஆடும் ட்சோப்பா ஆட்டத்துக்கான விழா முதல் வருடம் நடந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, விழாக்குழுவில் இருந்த எனிஃபா நசோம்பே மூன்று நாள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். பதினோரு ஆட்டக்குழுக்கள் மண்வெட்டியும் முறமும் சாக்குப்பையுமாக வந்து இறங்கிய அதே நேரத்தில், அதே பள்ளி மைதானத்தில், இரண்டு கால்பந்து அணிகளும் வந்து இறங்கின. இரண்டு தரப்புக்கும் நாங்கள்தான் அனுமதி கொடுத்திருந்தோம். விழா சனிக்கிழமை. ஒலிபெருக்கி வந்தது திங்கட்கிழமை. விழாக்குழுத் தலைவரான ஓய்வுபெற்ற விவசாய அதிகாரி முக்குனா மட்டும் விழா அமோகம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் அந்தப் பள்ளியில் ஆசிரியர், குழுவின் செயலாளரும்கூட. அதனால் எனிஃபாவின் எரிச்சலில் பாதி என்மேல்தான் விழுந்தது.

எனிஃபாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. மருத்துவமனையில் சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் பெண்மணி. பெயர், வயது, ஊர், என்ன நோவு என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. வரிசை கலைந்தால் அவருக்குப் பொறுக்காது. ஆனால் எங்காவது மத்தளம் கேட்டுவிட்டால் கையிலிருக்கும் பேனா தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளுக்குள் இருந்ததுதான் எங்களுக்கு வந்த வினை.

கலைவிழாக்களைத் திட்டமிடுவதற்கும் நடத்துவதற்கும் பிளான்டயர் நகரத்தில் இரண்டு வாரப் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டுப் பழுப்புத் தாள். நோக்கம், செயல், விளைவு, இடையூறு, அளவுகோல் என்று கட்டம் கட்டமாக. எல்லாவற்றையும் என் வகுப்பறைச் சுவரில் ஒட்டினார். அதன்பிறகு மூன்று மாதம் என் பிள்ளைகள் கணக்குப் பாடத்தை விழாத் திட்டத்தின் நடுவேதான் படித்தார்கள்.

முதல் கட்டத்திலேயே சண்டை. நோக்கம் என்ன என்று கேட்டார். பண்பாட்டை வளர்ப்பது என்றார் முக்குனா.

“சரிங்கய்யா. எவ்வளவு வளர்ந்துச்சுன்னு எதை வச்சு அளப்பீங்க?”

முக்குனா யோசித்தார். பிறகு, பண்பாடு என்ன மக்காச்சோளமா அளப்பதற்கு என்று கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். அதைவிடப் பெரிய சண்டை இடையூறுகள் பட்டியலில் வந்தது. மழைத்தூறல், மின்வெட்டு இரண்டையும் எழுதிவிட்டு, மூன்றாவதாக ‘பெரியவர்களின் பேச்சு’ என்று எழுதியிருந்தார் எனிஃபா. அதை அடிக்கச் சொல்லி இரண்டு கூட்டம் நடந்தது. அடிக்கவில்லை. ‘நேர மேலாண்மை’ என்று மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார், அவ்வளவுதான்.

அந்தத் திட்டத்தைப் பார்த்து வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உதவ முன்வந்தது. இரண்டாம் வருட விழா ஆகஸ்டில். இந்தமுறை ஒலிபெருக்கி முந்தின நாளே வந்தது. கால்பந்துக்காரர்களை வேறு மைதானத்துக்கு அனுப்பியிருந்தோம். குழுக்கள் எட்டு மணிக்கே வந்து பதிவு செய்துகொண்டன. ஒன்பது மணிக்கு ஆட்டம் என்று திட்டத்தில் இருந்தது. சிறப்பு விருந்தினர் வந்தது பன்னிரண்டே காலுக்கு. அவர் பேசினார், அவரோடு வந்தவர் பேசினார், இரண்டு கிராமத் தலைவர்கள் பேசினார்கள், எல்லோருக்கும் நன்றி சொல்கிறேன் என்று முக்குனா முப்பத்தைந்து நிமிடம் பேசினார். ஆட்டம் தொடங்கியபோது மணி இரண்டு. எனிஃபா மேடைக்குப் பின்னால் திட்டத்தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யாரையாவது அதைக்கொண்டு அடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

ஆட்டம் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. முதுகோடு முதுகு மோதிச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். புழுதி கிளம்பி ஊருக்குப் பின்னாலிருக்கும் மலையையே மறைத்தது.

முடிந்ததும் ஆடியவர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தோம். நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் திரும்பி வந்தன. நூற்றுப் பன்னிரண்டிலும் எல்லாக் கேள்விக்கும் ‘மிக நன்று’. சாப்பாடு எப்படி இருந்தது என்ற கேள்விக்கும் மிக நன்று. பார்வையாளர்களுக்கு நாங்கள் சாப்பாடே போடவில்லை.

முக்குனாவுக்கு வாயெல்லாம் பல். எனிஃபா படிவங்களை மேசையில் போட்டார்.

“அண்ணே, டாக்டர்கிட்டப் போனா எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க. வெளியில பெஞ்சுல உக்காந்துதான் எங்க வலிக்குதுன்னு சொல்றாங்க. நாம டாக்டரு மாதிரி கேட்டிருக்கோம்” என்றார் என்னிடம்.

அடுத்த வாரத்திலிருந்து மதிய இடைவேளையில் ஜன்னலை விட்டு இறங்கிப் போய் நோயாளிகளின் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். விழாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தனக்குக் கால்வலி என்று பேச்சை ஆரம்பிப்பாராம். நான்காம் நாள், விழாவில் ஆடிய குழு ஒன்றின் தலைவி ஃபலேசி, பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்திருந்தாள். கால்வலி என்றதும் அவளே பொரிந்துவிட்டாள். அவள் சொன்னதை எனிஃபா அன்று மாலையே என்னிடம் வந்து அப்படியே ஒப்பித்தார்.

“கால்வலியப் பத்தி எங்கிட்டச் சொல்றியா? காலைல எட்டுல இருந்து ரெண்டு வரைக்கும் நின்னோம். முதுகுல புள்ளைங்க. பந்தல்ல இருந்தவங்களுக்கு ஃபான்டா குடுத்தீங்க. எங்களுக்குத் தண்ணி? அடிபம்புல பூட்டு. எந்தப் புண்ணியவான் பூட்டினானோ. அடுத்த வருஷம் நாங்க வரல. இன்னும் ரெண்டு குழுவும் வரமாட்டாங்க.”

படிவத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, கூப்பிட்டு மரியாதை செய்தவர்கள் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டாளாம்.

பம்பைப் பூட்டிய புண்ணியவான் நான்தான். பூட்டச் சொன்னது திட்டம். மைதானம் சேறாகாமல் இருக்க விழா நேரத்தில் அடிபம்பைப் பூட்டவும் என்று எனிஃபாவே தன் கையால் எழுதியிருந்த வரி அது. சுவரிலிருந்த தாளில் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விருந்தினர் எங்கே உட்கார வேண்டும், வண்டிகள் எங்கே நிற்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் இருந்தது. ஆடுகிறவர்கள் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு கட்டமும் இல்லை.

“அந்த விருந்தாளி லேட்டா வந்தான்னு ஒரு வாரமா திட்டிக்கிட்டு இருந்தேன். பூட்டு என்னோடது” என்றார்.

அறக்கட்டளைக்கு அனுப்பிய அறிக்கையில் அதை அப்படியே எழுதினார். படித்த முக்குனா, தன் குறையைத் தானே எழுதி அனுப்புகிறவர் உலகத்தில் உண்டா என்று கத்தினார். செயலாளர் கையெழுத்துக்காக அறிக்கை என்னிடம் வந்தது. என் பூட்டும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒன்பது வாரம் கழித்துப் பதில் வந்தது. அறிக்கைக்கு நன்றி, ‘வெற்றிக் கதைகள்’ என்ற பகுதி காலியாக உள்ளது, நிரப்பி அனுப்பவும். தண்ணீரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனிஃபா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அந்தப் பகுதியை அவர் நிரப்பவே இல்லை. உதவியும் அத்தோடு நின்றது.

மூன்றாம் வருடத் திட்டத்தை எங்கள் குழு போடவில்லை. எனிஃபா ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் டாக்சி பிடித்து ஒவ்வொரு குழுத் தலைவியின் வீட்டுக்கும் போனார். ஃபலேசி முதல் இரண்டு தடவையும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவை திறந்து, தண்ணீர், நிழல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர், இவ்வளவும் எழுதினால் வருகிறேன் என்றாள். வாசலில் உட்கார்ந்தே எழுதினார்.

ஆட்டம் காலை எட்டு மணிக்கு. பந்தலும் ஒலிபெருக்கியும் இல்லை. அழைப்பிதழில் பெரியவர்களுக்கு மட்டும் பதினொன்று என்று போட்டார். முக்குனா கண்டுபிடித்துக் கேட்டபோது, “நீங்க எப்பவும் லேட்டாத்தானேய்யா வருவீங்க, அதான் உங்களுக்குத் தோதா வச்சேன்” என்றார். பெரியவர்கள் வந்து சேர்ந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. ஆடியவர்கள் மர நிழலில் ந்சிமா என்னும் மக்காச்சோளக் களியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மென்றுகொண்டிருந்தவர்கள் முன்னால் முக்குனா பேசினார். ஆறே நிமிடம்.

படிவமும் கொடுக்கவில்லை. சைக்கிள் டாக்சி நிற்கும் இடத்தில் இரண்டு பெண்களை உட்காரவைத்து, ‘இன்றைக்கு எது எரிச்சலாக இருந்தது?’ என்ற ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னார். அறுபத்து மூன்று புகார்கள் சேர்ந்தன. பீன்ஸில் உப்பில்லை. பிள்ளைகளைப் பார்த்தவர்களில் ஒருத்தி தூங்கிவிட்டாள். எட்டு மணி மிகவும் சீக்கிரம். பம்படியில் வரிசை ஒழுங்காக இல்லை. இதைக் கேட்டதும் எனிஃபாவின் முகம் கடுகடுவென்று ஆனது. அங்கே வரிசையை ஒழுங்குபடுத்த அவரேதான் நின்றிருந்தார்.

அதில் ஒன்பது புகார்கள் செயலாளர் ஒவ்வொரு குழுவையும் அறிமுகப்படுத்துகிறேன் என்று நீட்டி முழக்கியதைப் பற்றி. அவற்றைத் தனியாகப் பிரித்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, மீதியை ஊர்வாரியாக அடுக்கத் தொடங்கினார்.