கட்டுப் பிரிக்காத நோட்ஸ்

விருதுநகரில் கல்லூரிக் கடைசி வருஷம். கணக்கில் அரியர், அதை முடித்தால்தான் பட்டம். நான் பிரவுசிங் சென்டரில் பொழுதைப் போக்கிவிட்டு, வீட்டுச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று பழி போடுவேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் நோட்ஸைத் தேடினேன். வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் அக்கா, அதையும் உருட்டிக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள்.

“என் படிப்பையே கெடுத்துட்டியே!” என்று கத்தினேன்.

“ஏலே, நாலு மாசமா கட்டிலுக்கடியில கட்டுப் பிரிக்காமக் கெடந்துச்சு. பழைய தாளுன்னு நெனச்சேன். அம்புட்டு முக்கியம்னா, அதுல மொதப் பாடம் என்னன்னு சொல்லு பாப்போம்” என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினேன்.

அந்த அரியரைக் கடைசிவரை நான் முடிக்கவே இல்லை. அவளால்தான் படிப்பு போனதென்று ஊரெல்லாம் சொன்னேன். பொய். இங்கே எழுதிவிட்டேன், அவளிடம் சொல்ல இன்னும் எனக்குத் துப்பில்லை.