சாமியை இடம் மாறச் சொன்னவள்

ஜும்லா மலையில் எங்கள் ஊருக்குப் பிரசவ மையம் கட்ட அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. கோவேறு கழுதைகள் சிமென்ட் சுமந்து வந்தன. கட்டில் வந்தது, ஃப்ரிட்ஜ் வந்தது, பிமலா என்கிற நர்ஸும் வந்தாள். பிள்ளை பெறத்தான் ஒருத்தியும் வரவில்லை. வந்தால் கையில் பணம் தருவதாகச் சொல்லியும் பெண்கள் மாட்டுத் தொழுவத்தில்தான் பெற்றார்கள். எங்களுக்கு விவரம் போதாது என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களில் ஒருவரையாவது விசாரித்தார்களா?

காரணம் ஊருக்கே தெரியும். மையத்துக்கு இடம் கொடுத்தது எங்கள் ஊர்க் கமிட்டிதான். சும்மா கிடந்த மேடு என்று கொடுத்துவிட்டார்கள். ஏன் சும்மா கிடந்தது என்று யோசிக்கவில்லை. கீழே மஸ்டா சாமியின் கோயில். பெற்ற தீட்டோடு ஒருத்தி சாமிக்கு மேலே படுக்கலாமா?

என் பக்கத்து வீட்டு தௌகலிக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. கழுதைக்காரனைப் பார்த்தால் கழுதைக்குக் கால் வலிக்காதா என்பாள். அவள் மருமகள் ஜௌபுரா தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்தாள்.

"ரத்தம் ரொம்பக் கம்மிம்மா. தொழுவத்துல வச்சுப் பாத்தா இவ தாங்கமாட்டா" என்று பிமலா சொல்லிவிட்டாள்.

பௌர்ணமியன்று கோயிலில் சாமியாடி லால்பீர் மேல் மஸ்டா சாமி வந்தது. காணாமல்போன ஆட்டைப் பற்றி ஒருவன் கேட்டு முடித்ததும், தௌகலி முன்னால் போய் நின்றாள்.

"சாமி, நீ எடம் மாறுவியா?"

"அடியே, சாமியையே வீடு காலி பண்ணச் சொல்றியா?" என்று அவள் கணவன் மன்பீர் பதறினான்.

"நீங்க சும்மா இருங்க. உங்களையா கேட்டேன்?"

லால்பீர் வெகுநேரம் நடுங்கினான். பிறகு சாமி பேசியது: "மையத்துக்கு மேல, தேவதாரு மரத்தடியில வைங்க, போறேன். இத்தனை நாளா யாரும் என்னைக் கேக்கலியே!"

ஒரு செம்மறிக்கடாவோடு காரியம் முடிந்தது. மையம் கட்டி மிஞ்சிய தகரமே புதுக் கோயிலுக்குக் கூரையானது.

ஜௌபுராவுக்கு வலி எடுத்ததும் மையத்துக்கே அழைத்துப் போனோம். பையன் நல்லபடியாகப் பிறந்தான். ரத்தம்தான் நிற்கவில்லை. பிமலா சின்னக் குப்பி ஒன்றை உடைத்துத் தொடையில் ஊசி போட்டு, அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் அடங்கியது. 

தௌகலி குப்பியைக் கையில் எடுத்தாள். "இது என்ன பொண்ணே?"

"ரத்தம் நிக்கிற மருந்தும்மா."

"எப்ப வந்துச்சு?"

"மையம் தொறந்தப்பவே வந்துடுச்சு. ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு."

மையம் திறந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் ரூப்சராவும் மன்கலியும் தொழுவத்தில் பிள்ளை பெற்று, ரத்தம் போய்ச் செத்தார்கள். தௌகலி பேரனைக்கூடத் தூக்காமல் மேலே சாமியின் புதுக் கோயிலுக்கு ஏறினாள். பயந்து நானும் பின்னாலேயே போனேன்.

"இவ்வளவு லேசா எடம் மாறி வந்துட்டியே! முன்னாடியே வாயைத் தொறந்து சொல்லியிருந்தா என்ன?" என்று சாமியைத் திட்டினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"கழுதைக்குக் கால் வலிக்குமான்னு கேக்கத் தெரிஞ்சுதே. அந்தப் புள்ளைங்களுக்காக இதைக் கேக்கத் தெரியலையே எனக்கு!"